பதினோரு கிலோ முந்நூற்று நாற்பது

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசு நிறுக்கிற தராசில்
ராத்திரி எட்டரைக்குமேல்
ரவை நிறுத்தேன்.
வெள்ளி ரவை இல்லை, உப்புமா ரவை.
மூன்று பேர், இரண்டு இரவு, ஒரு விடியல்:
அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம் என்று
சிவப்பு எழுத்தில் சொன்னது.
இந்தத் தட்டுக்குப் பொய் தெரியாது.
பத்து வருஷமாய் இதன் சொல்லைத்தான்
பேரேட்டில் ஏற்றுகிறேன்.

மொட்டைமாடிக்குப் போனால் மலை தெரியும்.
இருட்டியபின் கொண்டை ஊசி வளைவுகளில்
பஸ் விளக்கு ஏறுவதும் தெரியும்.
"ஒரு மணி நேரத்துல ஏற்காடு.
இதுக்கு எதுக்கு மூணு நாளு?" என்றார் முதலாளி,
லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டபடி.
பதில் சொல்ல வாயெடுத்து
தேதி சரியா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

குப்பனூரில் தொடங்கி நாகலூர் வழியாய்
பொம்மிடி ரயிலடிவரை
துளசிராம் பென்சிலால் இழுத்த கோடு
அவன் வீட்டுப் பாவு இழைபோல் நேராய் இருந்தது.
நஸ்ரின் அதை அழித்தாள்.
"கோட்டுக்கு முட்டி வலிக்காது. உனக்கு வலிக்கும்."
உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி
கைரேகை ஆகிற இடத்தில்
நீலத்தில் ஓர் ஓடை.
தை மாசத்தில் அது ஓடுமா?
மூன்று பேரும் வரைபடத்தையே கேட்டோம்.
அது அச்சான வருஷத்தை மட்டும் காட்டியது.

வனத்துறை விண்ணப்பம் நான்கு பிரதி.
'நோக்கம்' என்ற கட்டத்தில்
துளசிராம் 'நடத்தல்' என்று எழுதினான்.
கிளார்க் அதை அடித்து
'இயற்கை ஆய்வு' என்று திருத்தி
சீல் குத்தினார்.

ஆய்வாளர்கள் டூத்பிரஷ் காம்பை அறுத்தோம்.
ஏழு கிராம் லாபம்.
சோப்பைப் பாதியாக்கினோம்.
மருந்துக்கடைப் பழக்கத்தில் நஸ்ரின்
மாத்திரை அட்டைகளை ஒட்ட நறுக்கினாள்.
முட்டிப் பட்டையை நிறுக்காமல்
பைக்குள் நழுவவிட்டான் துளசிராம்.
பிடிபட்டான். எண்பத்தொன்பது.
பை ஒன்றுக்கு
பதினோரு கிலோ முந்நூற்று நாற்பது.
மூன்று முறை அடிக்கோடிட்டேன்.

பிறகுதான் குழந்தையம்மாளிடம் பேசினேன்.
நாகலூருக்கு அப்பால் எஸ்டேட்டில் மிளகு பறிப்பவள்,
இரண்டாம் நாள் எங்களோடு நடக்க ஒப்புக்கொண்டவள்.
சிக்னலுக்காகப் பாறைமேல் நின்றிருந்தாள்.
அவளுக்கு முன் காற்று பேசியது.
எத்தனை கிலோமீட்டர் என்றேன்.
"ரெண்டு வெத்தலை போடுற தூரம்.
அஞ்சரைக்குள்ள தாண்டிரணும்.
அப்புறம் அது காட்டெருமைங்க வழி.
இப்பக் கன்னு வேற நிக்குது."
பை கனக்குமா என்று அவள் கேட்டாள்.
சொன்னேன், கிராம் சுத்தமாக.
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
அந்தப் பாதையில்தான் மாதம் ஒருமுறை
ரேஷன் அரிசி இருபது கிலோ
அவள் தலையில் ஏறுகிறதாம்.
செருப்புப் போட்டால் வழுக்குமாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தாள், நல்லவேளை.
கடைசியாய், இழுத்து இழுத்து:
"பொண்ணு பத்தாவது.
கணக்கு கைடு ஒண்ணு, சேலத்துல கெடைச்சா..."

கைடு எழுநூற்று இருபத்தாறு கிராம்.
ஓரம் நறுக்க முடியாது.
விடைகள் ஓரத்தில்தான் இருக்கின்றன.
பையைத் தரையில் கொட்டினேன்.
ஸ்வெட்டரா, அடுப்பா, இந்த ரவையா?
ரவையைக் கையிலெடுத்தேன், வைத்தேன்,
மறுபடி எடுத்தேன்.
எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டு
கைடை மேலே திணித்து
முட்டியால் அழுத்தி ஜிப்பை இழுத்தேன்.
நிறுக்கவில்லை.

நாங்கள் குப்பனூர் பஸ்ஸில் இருக்கும்போது
முதலாளி பட்டறையைத் திறப்பார்.
தட்டில் ஒட்டிய ஒற்றைத் துகளை
விரல்நுனியில் ஒற்றி எடுப்பார்.
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து,
வெள்ளிதானா என்று தீராமல்,
நாக்கில் வைப்பார்.